நாற்பதைத் தாண்டியும் துள்ளும் மாரியோ!

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை என்றால் ஊரே மஞ்சளாகிவிடும். புஷ்பக் காவடிகள், சரவணப் பொய்கையில் நீராடும் கூட்டம், 365 படிகளிலும் அரோகரா சத்தம். தரிசனம் முடித்து இறங்கும் குழந்தைகளின் கண் போவது என்னவோ பொம்மைக் கடைகள் பக்கம்தான். திருவிழாக் கடைகளில் பலூன், பீப்பி, தண்ணீருக்குள் வளையம் மாட்டும் விளையாட்டு இவற்றோடு, உள்ளங்கை அளவு வீடியோ கேம் பெட்டியும் இப்போதெல்லாம் தொங்குகிறது. '400 விளையாட்டுகள்' என்று அட்டையில் போட்டிருக்கும். அதை ஆன் செய்ததும் அந்தத் தொப்பி போட்ட மீசைக்காரரைத் தேடுகிறது குழந்தை. பக்கத்தில் நிற்கும் அப்பாவும் எட்டிப் பார்த்து, "அட, மாரியோ!" என்கிறார்.

அப்பாவும் பிள்ளையும் ஒரே விளையாட்டை விளையாடியிருப்பது, மொபைல் காலத்தில் அபூர்வமான விஷயம். மாரியோவிடம் அப்படி என்னதான் இருக்கிறது?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் ஷிகேரு மியாமோட்டோ உருவாக்கிய பாத்திரம் இது. 1981ல் 'டாங்கி காங்' விளையாட்டில் குரங்கு உருட்டிவிடும் பீப்பாய்களைத் தாண்டிக் குதித்தவருக்கு அப்போது பெயர் 'ஜம்ப்மேன்'. அன்றைய திரையில் புள்ளிகள் குறைவு. வாயைத் தெளிவாக வரைய முடியாததால் மீசை வந்தது. தலைமுடி வரைவது சிரமம் என்பதால் தொப்பி வந்தது. 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வெளியானது. 4 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது. மொத்த விளையாட்டின் அளவு வெறும் 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் 'குட் மார்னிங்' படம்கூடப் பெரும்பாலும் அதைவிடப் பெரிது! இடத்தை மிச்சப்படுத்த, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தையே வரைந்து நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு நின்டெண்டோவின் அசல் பெட்டி வந்ததே இல்லை. தொண்ணூறுகளில் வந்தவை அதைப் பார்த்துச் செய்த நகல்கள். டிவியில் ஒயரைச் செருகி, மஞ்சள் நிறக் கேசட்டை மாட்ட வேண்டும். படம் வரவில்லையா? கேசட்டைக் கழற்றி 'ஃபூ' என்று ஊத வேண்டும். ஊதியதால்தான் சரியானது என்று ஒரு தலைமுறையே நம்பியது. உண்மையில் மறுபடி அழுத்திச் செருகியதில்தான் இணைப்பு சரியாகியிருக்கும். எச்சில் ஈரம் பட்டால் உலோக முனைகளுக்குக் கெடுதல்தான்.

வீட்டுக்கு ஒரே டிவி. அம்மாவின் சீரியலுக்கும் அப்பாவின் கிரிக்கெட்டுக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில்தான் மாரியோ. அதிலும் அண்ணன் ஆட்டத்தில் செத்தால்தான் தம்பிக்கு வாய்ப்பு. முறை வரும்வரை காத்திருப்பதை அந்தப் பெட்டி சொல்லாமலே சொல்லிக் கொடுத்தது.

மொழி தேவைப்படாதது மாரியோவின் முதல் பலம். 1960 ஏப்ரல் 1ல்தான் ஆந்திராவிலிருந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர் திருத்தணி. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கேட்கும். நகரியிலிருந்து வரும் பெரியம்மா பையனும் இங்கிருக்கும் சித்தி பையனும் ஒரு எழுத்துகூடப் படிக்காமல் சேர்ந்து ஆட முடிந்தது. முதல் காட்சியைப் பாருங்கள். மாரியோ திரையின் இடது பக்கம் நிற்கிறார். வலது பக்கம் வெட்டவெளி. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எதிரே ஒரு முறைத்த முகம் நடந்து வருகிறது. மோதினால் சாவு, குதித்தால் பிழைப்பு. மேலே கேள்விக்குறி போட்ட பெட்டியை முட்டினால் காசு வருகிறது. இன்னொன்றை முட்டினால் காளான் வருகிறது. அந்தக் காளான் எதிரியாக இருக்குமோ என்று ஒதுங்கினாலும், குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வரும். பட்டதும் மாரியோ வளர்கிறார். காளான் நல்லது என்ற பாடம் முடிந்தது. ஒரே நிமிடத்தில் முழு விதியும் புரிந்துவிடும்.

இரண்டாவது, நியாயம். வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடுகிறோம். 'பாம்பு கடித்துவிட்டது' என்றால் பழி தாயக்கட்டைமேல். மாரியோ பள்ளத்தில் விழுந்தால் பழி சொல்ல ஆளில்லை. விரல் அரை நொடி தாமதம், அவ்வளவுதான். அடுத்த முறை அதே இடத்தில் அதே பள்ளம்தான் இருக்கும். நேற்று விழுந்த இடத்தை இன்று தாண்டும்போது வரும் சந்தோஷம், காசு கொடுத்து வாங்கியது அல்ல.

மூன்றாவதுதான் இன்றைய பெற்றோர் கவனிக்க வேண்டியது. மாரியோவுக்கு முடிவு உண்டு. 8 உலகங்கள், ஒவ்வொன்றிலும் 4 கட்டங்கள், ஆக 32. கடைசியில் இளவரசி கிடைத்துவிடுவாள். மலைப்படி ஏறும் குழந்தை கால் வலித்தாலும் எண்ணிக்கொண்டே ஏறிவிடுகிறது. ஏனென்றால் 365க்குப் பிறகு படி இல்லை என்று அதற்குத் தெரியும். இன்றைய பல மொபைல் விளையாட்டுகளில் அந்தக் கடைசிப் படியே கிடையாது. தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் நஷ்டம், தோற்கிற நேரத்தில் 'வாங்கு' என்று ஒரு பட்டன்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் துப்பாக்கி, உடை, அதிர்ஷ்டப் பெட்டி என்று விற்கும் குழந்தைகள் விளையாட்டுகள் பந்தயக் கணக்கில் எளிதில் வருவதில்லை. அந்தக் கதவுக்குக் காவல் வீட்டுப் பெரியவர்கள்தான். மாரியோ என்ற பெயரை மட்டும் பார்த்து நம்பிவிடவும் முடியாது. 2019ல் வந்த 'மாரியோ கார்ட் டூர்' மொபைல் விளையாட்டிலும் காசு கட்டி அதிர்ஷ்டம் பார்க்கும் முறை இருந்தது. எதிர்ப்புகளுக்குப் பின் 2022ல் அதைக் கைவிட்டார்கள்.

பிள்ளை கையில் புது விளையாட்டைப் பார்த்தால் திட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எங்கே முடிகிறது? தோற்றால் மறுபடி முயற்சி செய்யச் சொல்கிறதா, பணம் கேட்கிறதா? நாலு நாள் ஆடாமல் இருந்தால் ஏதாவது பறிபோகுமா? பதில் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். சேர்ந்து ஆடுகிற அரை மணி நேரத்தில், பிள்ளை யாரோடு ஆடுகிறது, எதற்கு ஏங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.