சில்லு செய்தால் மட்டும் போதுமா?

ஐஐடி மெட்ராஸின் ‘சக்தி’ சில்லில் 2018இல் லினக்ஸ் ஓடியபோது நாளிதழ்கள் கொண்டாடின. 2022 ஏப்ரலில் மத்திய அரசு உள்நாட்டுச் சில்லுகளுக்கான டிஐஆர்-வி திட்டத்தை அறிவித்தபோதும் அதே உற்சாகம். இரண்டுக்கும் அடித்தளம் ரிஸ்க்-வி என்ற சில்லுக் கட்டமைப்பு. கொண்டாட வேண்டியதுதான். ஆனால், புதுச் சில்லில் லினக்ஸ் எழுந்து திரையில் நாலு வரி ஓடுவது வேறு. அந்தச் சில்லுக்கென்று ஆயிரக்கணக்கான மென்பொருள்களைக் கட்டி, முழு இயங்குதள இமேஜாக்கி, ஆண்டுக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தங்களும் தந்துகொண்டிருப்பது வேறு. இரண்டாவது வேலைக்கு ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை.

ரிஸ்க்-வி பெர்க்லியில் பிறந்தது 2010இல். டெபியன் லினக்ஸ் அதை அதிகாரபூர்வக் கட்டமைப்பாக ஏற்று வெளியிட்டதோ 2025 ஆகஸ்டில், 13ஆம் பதிப்பில்தான். பதினைந்து ஆண்டுகள்!

ஏன் இவ்வளவு தாமதம்? இன்டெல் கணினியில் உட்கார்ந்தே ரிஸ்க்-விக்குக் கம்பைல் செய்ய முடியும். சிக்கல் அதற்குப் பிறகு. பல மென்பொருள்கள் கட்டப்படும்போதே ஒரு குட்டி நிரலை எழுதி, ஓட்டிப் பார்த்து, ‘இது எப்படிப்பட்ட இயந்திரம்’ என்று தெரிந்துகொள்ளும். ரிஸ்க்-வி நிரல் இன்டெலில் ஓடாது. வேலை அங்கேயே நின்றுவிடும்.

இதற்குக் கைகொடுப்பது ஃபப்ரீஸ் பெல்லார் உருவாக்கிய கியூஎமு என்ற மென்பொருள். லினக்ஸில் கம்பைல் ஆன ஒவ்வொரு நிரல் கோப்பின் தலைப்பகுதியிலும் சில்லின் வகையைச் சொல்லும் எண் உண்டு: 64 பிட் இன்டெலுக்கு 62, ரிஸ்க்-விக்கு 243. முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால், லினக்ஸின் கெர்னல் 243ஐப் பார்த்ததும் கோப்பைக் கியூஎமுவிடம் தள்ளிவிடும். அது ரிஸ்க்-வி வேடம் போட்டு ஓட்டிக்காட்டும். சிறிய இமேஜுக்கு இது தாராளமாகப் போதும்.

ஆனால் வேகம் அடிவாங்கும். அதைவிட மோசம், பிழைகள் ஒளிந்துகொள்வது. நினைவகத்தில் எழுதியவை எந்த வரிசையில் வெளியே தெரிய வேண்டும் என்பதில் இன்டெல் கறார், ரிஸ்க்-வி தாராளம். இரண்டு இழைகள் ஒரே தரவைத் தொடும் இடத்தில் நிரலர் கவனக்குறைவாக இருந்தால், இன்டெல் மேல் ஓடும் கியூஎமுவில் பிழை தலைகாட்டாமலே போகலாம். அசல் சில்லில் என்றோ ஒருநாள், அதுவும் வாடிக்கையாளர் கையில், வெடிக்கும். டெபியன் தன் மென்பொருள் பொதிகளை அந்தந்த வகை வன்பொருளிலேயே கட்டுவதில் பிடிவாதம் காட்டுவது என் பார்வையில் சரியே.

அந்த உழைப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் அதே 13ஆம் பதிப்பே சாட்சி: பழைய 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான கெர்னலும் நிறுவியும் அதில் இல்லை. அந்தக் கணினிகளில் பல இன்னும் நன்றாகவே ஓடும்.

இது நமக்கும் தொடர்புள்ள விஷயம்தான்: மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தரும் பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. யாரோ அங்கே கட்டிவைத்ததன் பலனை நாமும் அனுபவிக்கிறோம். உள்நாட்டுச் சில்லுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, பொதி கட்டும் இயந்திரங்களுக்கும் அவற்றைப் பராமரிப்பவர்களின் சம்பளத்துக்கும் போக வேண்டும். அடுத்த சில்லு அறிவிப்பு வரும்போது, அதற்கான இமேஜை யார் கட்டுகிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் தருவார்கள் என்று கேளுங்கள்.