ஐகன் மதிப்பு என்னும் மூடநம்பிக்கை

"எல்லா ஐகன் மதிப்புகளும் இடது பக்கம் இருந்தால் அமைப்பு நிலையானது." இந்த ஒரு வரிக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண். எனக்கும் கிடைத்தது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இப்போது யோசிக்கிறேன்.

ஒரு 100க்கு 100 மேட்ரிக்ஸ். மூலைவிட்டத்துக்கு நேர் மேல் வரிசையில் எல்லாம் 1, மற்ற இடமெல்லாம் பூஜ்ஜியம். ஐகன் மதிப்புகள் நூறும் பூஜ்ஜியம். இப்போது இடது கீழ் மூலையில் புள்ளிக்குப் பின் 15 பூஜ்ஜியம் போட்டு ஒரு 1 வையுங்கள். கணினியின் ரவுண்டிங் பிழை அளவுதான் அது. நூறும் ஓடிப்போய் 0.69 ஆரமுள்ள வட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும்! 1000க்கு 1000 என்றால் ஆரம் 0.96. மேட்ரிக்ஸைப் பெரிதாக்கினால் விடை துல்லியமாகும் என்று நம்புகிறவர்கள் கவனிக்க: முடிவிலியில் நிற்கும் ஷிஃப்ட் ஆபரேட்டரின் ஸ்பெக்ட்ரம் முழு அலகு வட்டத்தட்டு. எவ்வளவு பெரிய மேட்ரிக்ஸ் போட்டாலும் ஐகன் மதிப்பு பூஜ்ஜியத்திலேயே உட்கார்ந்திருக்கும், அங்கே போய்ச் சேராது.

சேருவது சூடோஸ்பெக்ட்ரம். மேட்ரிக்ஸை எப்சிலான் அளவுக்குள் எப்படி அசைத்தாலும் ஐகன் மதிப்புகள் எங்கெங்கே போகக்கூடும் என்பதன் மொத்தப் படம் அது. இந்த வகை டோப்லிட்ஸ் மேட்ரிக்ஸ்களுக்கு அது ஆபரேட்டரின் படத்தை நெருங்கும் என்று 1990களிலேயே நிரூபித்தாகிவிட்டது.

"இதெல்லாம் கணக்குப் பைத்தியங்களின் விளையாட்டு, நிஜத்தில் வராது" என்பார்கள். வருகிறதே ஐயா! ஒன்றையொன்று உரசாமல் எதிரெதிராக நகரும் இரண்டு தட்டுகளுக்கு இடையிலான கூவெட் ஓட்டம் எந்த ரெனால்ட்ஸ் எண்ணிலும் நிலையானது என்கிறது ஐகன் மதிப்பு. 1973இல் ரோமனோவ் நிரூபித்தே விட்டார். சோதனைச்சாலைத் தண்ணீர் அந்தப் பேப்பரைப் படிக்கவில்லை போலும், சுமார் 350லேயே கொந்தளிக்க ஆரம்பித்துவிடுகிறது. 1993இல் ட்ரெஃபெதனும் கூட்டாளிகளும் சயன்ஸ் இதழில் இதைத்தான் எழுதினார்கள். சிறு தொந்தரவு கடைசியில் அடங்கும்தான். ஆனால் அடங்குமுன், ரெனால்ட்ஸ் எண் 1000 என்றால், அதன் ஆற்றல் ஆயிரம் மடங்குக்கு மேல் வளரலாம். (அதற்குப் பிறகு நடப்பது நான்லீனியர் சமாச்சாரம். அதை சூடோஸ்பெக்ட்ரம் சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன்.)

சமச்சீர் மேட்ரிக்ஸுக்கு ஐகன் மதிப்பே போதும், சண்டை இல்லை. அதை எல்லா மேட்ரிக்ஸுக்கும் சட்டமாக்குவதுதான் அநியாயம். "இளநிலைப் பிள்ளைகளுக்கு இது அதிகம்" என்ற வாதம் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. மேலே சொன்ன உதாரணத்துக்குப் பேனாவும் பேப்பரும் போதும்: லாம்டாவின் நூறாம் அடுக்கு அந்த மூலை எண்ணுக்குச் சமம், அவ்வளவுதான். இதற்கு எங்கள் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் இல்லை. 3க்கு 3 மேட்ரிக்ஸை வைத்துக்கொண்டு கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க மட்டும் ஒரு அத்தியாயமே இருக்கிறது.