அடைத்தவர் சொல்லவேண்டிய காரணம்

இணையத்தில் மக்கள் எதைக் காணலாம், எதைக் காணலாகாது என்று கட்டளையிட ஒரு நாட்டின் சர்க்காருக்கு உரிமை உண்டா? சென்ற மாதச் சங்கக் கூட்டத்தில் அன்பர் ஒருவர் இவ்வாறு வினவினார். உண்டு என்பதே என் கட்சி. அதற்குக் காரணம் நான் கண்ணாரக் கண்ட ஒரு காட்சி.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பெங்களூரில் டிக்கெட் கவுண்ட்டரில் நான் வேலைக்கு அமர்ந்து ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. சுதந்திர தினத்தையொட்டி, வடகிழக்கு மாநிலத்தவர் மூட்டை முடிச்சுகளுடன் ஆயிரக்கணக்கில் ஸ்டேஷனுக்கு வந்து குவிந்தனர். கௌஹாத்திக்கு ஸ்பெஷல் ரயில்கள் விட நேர்ந்தது. அதற்கு முந்தைய மாதம் அஸ்ஸாமில் கோக்ராஜார் பகுதியில் நிகழ்ந்த கலவரத்துக்கு இங்கே பழிவாங்கப் போகிறார்கள் என்ற வதந்தியே அத்தனைக்கும் காரணம்.

எங்கள் தெருவில் காவல்வேலை பார்த்த அஸ்ஸாமியப் பையனும் அந்த வரிசையில் நின்றான். போகவேண்டாம் என்றேன். அவன் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பிணக்குவியலின் நடுவே பௌத்த பிக்ஷுக்கள் நிற்கிறார்கள். பர்மாவில் நடந்த படுகொலை என்று கீழே எழுதியிருக்கிறது. "இதைப் பார்த்தவர்கள் எங்களைச் சும்மா விடுவார்களா, அண்ணா?" என்றான். 2010-இல் சீனாவில் நிலநடுக்கத்தில் மாண்டவர்களின் படம் அது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். அன்று அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, டிக்கெட்டைக் கொடுத்தேன்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது இந்நகரைவிட்டு ஓடிய நம்மவர்களுக்கு அந்த அச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அந்நாளில் இணையம் ஏது? வாய்வார்த்தையே போதுமானதாக இருந்தது!

சர்க்கார் அப்போது 300-க்கு மேற்பட்ட பக்கங்களையும் படங்களையும் கணக்குகளையும் தடுத்தது; மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்தியை ஒரு வேளைக்கு ஐந்து என்று சுருக்கியது. உயிர் போகும் வேளையில் இது நியாயமே. ஆயினும் அந்தப் பட்டியலில் வதந்தியைப் பொய்யென்று எடுத்துக்காட்டிய எழுத்துக்களும் அகப்பட்டுக்கொண்டன. நோயோடு மருந்தையும் சேர்த்துக் கொட்டிய கதைதான்.

தவறு யாருக்கும் நேரும். திருத்துவதற்கு வழி எங்கே என்பதுதான் என் கேள்வி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவு, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காகத் தடைவிதிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. காரணத்தை எழுத்தில் பதியவேண்டும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பதையும் கருதியே 2015-இல் சுப்ரீம் கோர்ட்டு அப்பிரிவைச் செல்லும் என்றது. ஆனால் 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆவது விதியோ, புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. உத்தரவையே காணாதவன் எதை எதிர்ப்பான்?

வரதட்சணையைக் கேலிசெய்த ஓர் இணையதளத்தை, வரதட்சணைக்கு ஆதரவென்று கருதி 2018-இல் அடைத்தார்கள். (கேலி புரியாத காரியாலயங்கள் எல்லா இலாகாவிலும் உண்டு, எங்களதும் விலக்கல்ல.) அதை நடத்தியவர் உத்தரவின் நகலைப் பெறவும், தம் கட்சியைச் சொல்லவும் 2022-இல் டில்லி ஹைகோர்ட்டு கட்டளையிட வேண்டியிருந்தது. இடையில் கழிந்தவை நான்கு ஆண்டுகள். கவுண்ட்டரை அரைமணி மூடினாலும் நாங்கள் ஒரு பலகை மாட்டுகிறோம்.

அந்தப் பையன் இரண்டு மாதங் கழித்துத் திரும்பி வந்தான். அவனுடைய ஊரிலிருந்து அந்தப் படத்தை மறுபடி தேடினானாம், பக்கம் திறக்கவில்லையாம். "அது பொய் என்பதற்காக அடைத்தார்களா, உண்மை என்பதற்காக அடைத்தார்களா, அண்ணா?" என்று கேட்டான். நிலநடுக்கத்தைப் பற்றி அப்போதுதான் அவனிடம் சொன்னேன்.