சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை

பிள்ளை வெளிநாட்டுக்குப் போய் மொழி படிக்கப் போகிறாள் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எங்கே தங்கப் போகிறாள்?" என்பதுதான். ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினுக்குப் போகிறவர்களுக்கு மொழிப் பள்ளிகள் வழக்கமாக இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று மாணவர் விடுதி. மற்றொன்று உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை. அந்தக் குடும்பத்துக்குப் பள்ளி வழியாகப் பணம் போய்ச் சேரும். பசியாறலும் சாப்பாடும் அவர்களோடுதான்.

பாதுகாப்பை நினைத்தே பல பெற்றோர் குடும்ப வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நல்ல காரணம்தான். ஆனால் அந்த வீட்டுக்குக் கொடுக்கும் காசின் பெரிய பலன் வேறு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு மாணவர் வாய் திறந்து பேசுவது சில நிமிடங்கள்தான். வீட்டிலோ "உப்பை எடுத்துக் கொடு" என்பதிலிருந்து "இன்று ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்பது வரை எல்லாமே ஸ்பானிஷில்தான் நடக்கும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியோடு இருந்துவிட்டால், விடுதிக்கும் வீட்டுக்கும் வித்தியாசமே இல்லை.

ஸ்பானிஷ் படிக்க வெளிநாட்டு மாணவர்கள் கூடும் ஊர்களில் ஒன்று சலமான்கா. அங்குள்ள பல்கலைக்கழகம் 1218-இல் தொடங்கியது. நெப்ரிஹா எழுதிய ஸ்பானிஷ் இலக்கண நூல் 1492-இல் வெளிவந்ததும் அந்த ஊரில்தான். அங்கே போகும் நம் பிள்ளைகளை முதலில் திணறடிப்பது இலக்கணம் அல்ல, கடிகாரம். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல்தான், சில வீடுகளில் 3 மணிகூட ஆகும். இரவுச் சாப்பாட்டுக்கு 9 மணி தாண்டிவிடும். இடையில் பசித்தால் ஏதாவது கொறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மதியம் தட்டு காலியான பிறகும் யாரும் உடனே எழுந்து போக மாட்டார்கள். அப்படியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இதற்கென்றே 'சோப்ரமேசா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதில் வரும் 'மேசா' நமக்கு அந்நியமானது அல்ல. நம்முடைய மேசையும் மலாய்க்காரர்களின் 'மேஜா'வும் போர்த்துகீசியர் கொண்டு வந்த அதே சொல்தான். மொழி படிக்கப் போனவருக்கு இந்த அரை மணி நேரம் பொன்னானது. பாடப் புத்தகத்தில் வராத கிண்டலும் சலிப்பும் அரசியலும் அண்டை வீட்டுக் கதையும் அப்போதுதான் காதில் விழும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கோடைக் காலத்தில் ஸ்பெயினில் மதியம் 3 மணி என்றால், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இரவு 9 மணி. வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, "பிள்ளை என்ன செய்கிறாளோ" என்று அம்மா கைப்பேசியை எடுப்பது சரியாக அந்த நேரத்தில்தான். பிள்ளையும் மேசையை விட்டு எழுந்து அறைக்குள் போய்விடும். ஒரு மாதம் இப்படியே நடந்தால் பாதிப் படிப்பு போய்விடும். அங்கே காலை 8 மணி, இங்கே பிற்பகல் 2 மணி. வகுப்புக்கு நடந்து போகும்போது பத்து நிமிடம் பேசினால் போதும். இந்த ஏற்பாட்டை விமானம் ஏறுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

"பாவம், ஒன்றும் புரியாமல் எப்படி உட்கார்ந்திருப்பாள்?" என்று கவலைப்பட வேண்டாம். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஸ்பானிஷ் நாம் நினைக்கும் அளவுக்குத் தூரமில்லை. அப்லோ, அப்லாஸ், அப்லா என்றால் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள். நம்மைப் போலவே வினையின் கடைசிப் பகுதியே யார் என்று சொல்லிவிடும். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தடுமாறும் 'மெ குஸ்தா எல் கஃபே', நம்முடைய 'எனக்குக் காப்பி பிடிக்கும்' போன்ற அமைப்புதான். 'த' ஒலியை நாக்கு தானாகவே சரியான இடத்தில் சொல்லும். எஸ்பாஞாவில் வரும் 'ஞ'வும் நம்மிடம் உண்டு. 'நீ', 'நீங்கள்' என்ற மரியாதை வேறுபாடும் 'து', 'உஸ்தெத்' என்று அங்கே இருக்கிறது. ஆனால் ஸ்பெயினில் வீட்டுக்கார அம்மாவே 'து' என்று அழைக்கச் சொல்வது சாதாரணம். நம் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பழகிவிடும். தமிழ் கை கொடுக்காத இடமும் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று ஒவ்வொரு பொருளுக்கும் பால் பிரித்து மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

அவர்கள் வேகமாகப் பேசினால் தயங்காமல், "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்" என்று சொல்லலாம். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று பொருள்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் வெட்கப்படக் கூடாது. சைவம், மாட்டிறைச்சி இல்லை, ஹலால் என எதுவாக இருந்தாலும் விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. சாலட்டில் டூனா மீனும், காய்கறியில் ஹமோன் எனும் பன்றி இறைச்சித் துண்டும் வந்துவிடலாம். கோழி, மீன், ஹமோன் எதுவுமே வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும். பருப்பு உண்டு. ஆனால் அதிலும் சொரீசோ எனும் பன்றித் தொத்திறைச்சி போட்டுச் சமைப்பது வழக்கம். முட்டை சாப்பிடுபவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்ட தடித்த 'தோர்தீயா' கை கொடுக்கும். காரம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சிறு பாட்டில் சம்பாலோ ஊறுகாயோ பெட்டியில் இருந்தால் நாக்குக்கு ஆறுதல். அதை மேசையில் வைத்து எல்லோருக்கும் நீட்டினால், அன்றைய சோப்ரமேசாவுக்குப் பேச்சுப் பொருளும் கிடைத்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. நண்பர்கள் இருவர் சேர்ந்து போனால் வெவ்வேறு வீடுகளைக் கேளுங்கள். ஒரே வீட்டில் இருந்தால் ஆங்கிலமும் தமிழுமே ஓடும். குளியலை நீட்டாதீர்கள், சுடுநீர் எல்லோருக்கும் வேண்டும். வெறுங்காலோடு நடந்தால் சளி பிடிக்கும் என்று சில வீடுகளில் கண்டிப்பார்கள், வீட்டுச் செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு ஒத்துவரவில்லை என்றால் பள்ளியிடம் சொல்லி மாற்றித் தரக் கேட்கலாம், அதில் தவறில்லை. மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் 90 நாள்களுக்கு உட்பட்ட படிப்புக்கு விசா எடுக்கத் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் மாணவர் விசா வேண்டும். எதற்கும் புறப்படும் முன் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். சான்றிதழ் வேண்டுபவர்கள் செர்வாந்தெஸ் நிலையத்தின் 'தெலெ' தேர்வை எழுதலாம். அதில் ஆறு நிலைகள் உண்டு, சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

நான்கு வாரத்தில் யாரும் சரளமாகப் பேசிவிட மாட்டார்கள். ஆனால் தினமும் மேசையில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தப்பாகப் பேசும் பயம் போயிருக்கும். அதற்குப் பிறகு மொழி தானாக வளரும்.

அந்த வீட்டுக்காரர்கள் பிள்ளைக்கு இலக்கணம் நடத்தப் போவதில்லை. தங்கள் மொழியில் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், கோபப்பட்டார்கள், அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வாரத்துக்குச் சில மணி நேரத் தமிழ் வகுப்பை மட்டும் நம்பி, "பிள்ளை தமிழ் பேசவே மாட்டேன் என்கிறது" என்று கவலைப்படும் நம் வீடுகளிலும் ஒரு மேசை இருக்கிறது. இன்று இரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் எழுந்து போகாமல் தமிழில் பேசிக்கொண்டிருப்போமே. இதற்கு விமானச் சீட்டு வேண்டியதில்லை.