விலையில்லா மென்பொருளுக்கு வழிகாட்டி நூல் எழுதுவோரும் நம் பயிற்சித்தாள்களும்



நம் நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பணியாற்றும் ஆசிரியர்கள் உருவாக்கும் பயிற்சித்தாள்களுக்குப் பஞ்சமே இல்லை. புலனக் குழுக்களில் நாள்தோறும் அவை வந்து குவிகின்றன. ஆனால், அவற்றுள் எத்தனை தாள்களில் எழுதியவர் பெயர் இருக்கிறது? எழுதிய நாள் இருக்கிறது? பிழை கண்டால் யாரிடம் சொல்வது என்ற குறிப்பு இருக்கிறது? ஒரே தாள் ஐந்து வடிவங்களில் உலவுகிறது. ஐந்திலும் அதே பிழை. அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியர் இரவெல்லாம் விழித்து அதே பாடத்திற்குப் புதிதாக ஒரு தாள் தயாரிக்கிறார்.

நம்மிடம் குறைவது உழைப்பு அன்று, ஒருங்கிணைப்பு. இதனை நாம் யாரிடமிருந்து கற்கலாம்? திறமூல மென்பொருள்களுக்கு அச்சிடத்தக்க வழிகாட்டி நூல்களை உருவாக்கித் தரும் தொண்டூழியர்களிடமிருந்து கற்கலாம் என்பதே என் கருத்து.

திறமூல மென்பொருள் என்பது, தன் மூலநிரலை யாவரும் காணவும், மாற்றவும், பகிரவும் இசைவு தரும் மென்பொருள். பள்ளிகளுக்கு மிகவும் பயன்படக்கூடியது லிப்ரே ஆபிஸ். இதன் முன்னோடியான ஓப்பன் ஆபிஸின் மூலநிரலை சன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் பொதுவில் வைத்தது. 2010-இல் அதிலிருந்து பிரிந்து தோன்றியதே லிப்ரே ஆபிஸ். கடிதம் எழுத, கணக்கிட, படைப்புரை செய்ய வேண்டியவை அனைத்தும் இதில் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழ் இடைமுகமும் உண்டு.

ஆனால், மென்பொருள் விலையின்றிக் கிடைத்தால் மட்டும் போதுமா? எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல ஆள் வேண்டுமே! அந்த ஆளாக நிற்பவைதாம் வழிகாட்டி நூல்கள். இந்தச் சிந்தனை புதிதன்று. லினக்ஸ் ஆவணத் திட்டம் 1992-இலேயே தொடங்கிவிட்டது. அதன்வழி ஓலாஃப் கிர்ச் எழுதிய வலையமைப்பு மேலாளர் வழிகாட்டியை 1995-இல் ஓரைலி நிறுவனம் நூலாக அச்சிட்டு விற்றது. அதே நூல் இணையத்தில் இலவசமாகவும் கிடைத்தது.

லிப்ரே ஆபிஸின் ஆவணக் குழு எப்படிப் பணி செய்கிறது என்று பாருங்கள்.

1. நூலை இயல்களாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒருவர் ஓர் இயலை எடுத்துக்கொண்டால் போதும். முழு நூலையும் ஒருவர் தலையில் சுமத்துவதில்லை.

2. அனைவருக்கும் ஒரே வார்ப்புரு. தலைப்பின் அளவு, படத்தின் விளக்கம், குறிப்புப் பெட்டி எல்லாம் முன்பே வகுக்கப்பட்டவை. யார் எழுதினாலும் நூல் ஒரே முகத்தோடு வருகிறது.

3. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கிறார். சொல்லப்பட்ட படிகளைக் கணினியில் செய்து பார்ப்பதும் இதில் அடங்கும். "இந்தப் பட்டியில் இந்தக் கட்டளை" என்று நூல் கூறினால், அது அங்கே இருக்க வேண்டும்.

4. பங்களித்தோர் பெயர்கள் நூலின் தொடக்கத்திலேயே இடம்பெறுகின்றன. முந்தைய பதிப்புகளில் உழைத்தவர்களையும் மறப்பதில்லை.

5. எந்தப் பதிப்பு மென்பொருளுக்கு எழுதப்பட்டது என்பது அட்டையிலேயே உண்டு. 2024 முதல் அம்மென்பொருளின் பதிப்பெண்ணே ஆண்டையும் மாதத்தையும் காட்டுகிறது. 24.8 என்றால் 2024 ஆகஸ்ட்.

6. அச்சிடுவதற்குப் பி.டி.எஃப். கோப்பு, திருத்துவதற்கு மூலக்கோப்பு. இரண்டையும் தருகிறார்கள். படியெடுக்கவும், மொழிபெயர்க்கவும், விற்கவும்கூட உரிமம் இடம் தருகிறது. எழுதியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதே முதன்மையான வேண்டுகோள்.

இவற்றில் எது நம்மால் இயலாதது? ஒன்றுமே இல்லை! ஆயினும் எவரேனும் முன்னின்று நடத்த வேண்டும். அந்நூல்களைப் பல ஆண்டுகள் முன்னின்று ஒருங்கிணைத்தவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியத் தொழில்நுட்ப எழுத்தாளரான ஜீன் ஹோலிஸ் வெபர். யார் எந்த இயலை எழுதுகிறார், எது சரிபார்க்கப்படாமல் நிற்கிறது என்று கவனிப்பதும் ஒரு தொண்டுதான். எழுதுபவரை நாம் பாராட்டுகிறோம். ஒருங்கிணைப்பவரை யாரும் காண்பதில்லை. ஊர் கூடித் தேர் இழுத்தாலும், சக்கரத்திற்குக் கட்டை போடத் தெரிந்தவர் இல்லையென்றால் தேர் நிலைக்கு வந்து சேராது.

"காணொளிகள் இருக்கும்போது அச்சு நூல் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கணினிக்கூடத்தில் மாணவனுக்கு இருப்பது ஒரே திரை. அதில் காணொளியைப் பார்த்தால் வேலை செய்ய இடமில்லை. வேலை செய்தால் காணொளி மறைந்துவிடும். விசைப்பலகைக்கு அருகில் ஒரு தாள் இருந்தால், விரலை வைத்துப் படித்துக்கொண்டே செய்யலாம். செய்து முடித்த படியை எழுதுகோலால் குறித்துக்கொள்ளலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டலாம். இணையம் தடைப்பட்ட நாளிலும் தாள் தடைப்படாது.

"செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் உடனே சொல்லுமே" என்று கூறுவோரும் உண்டு. சொல்லும், சில வேளைகளில் இல்லாத கட்டளையையும் இருப்பதாகச் சொல்லும். அது தவறு என்று கண்டுகொள்ளப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியுமா?

"ஆண்டுக்கு இரண்டு முறை மென்பொருள் மாறுகிறதே, அச்சிட்டது பழையதாகிவிடுமே" என்பது மூன்றாவது கேள்வி. இது நேர்மையான கேள்வி. நானூறு பக்க நூலை அச்சிட்டு அடுக்கினால் அந்த இழப்பு உண்மையே. ஆனால், இயல் இயலாகப் பிரித்து வைத்தால் மாறிய இயலை மட்டும் திருத்தி அச்சிடலாம். மேலும், கோப்பைச் சேமிப்பதும், பத்தியைச் சீர் செய்வதும், படத்தைச் செருகுவதும் ஆறு மாதத்தில் தலைகீழாக மாறிவிடுவதில்லை.

தமிழிலும் முன்னோடிகள் உள்ளனர். தமிழகத்தில் 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழைச் சார்ந்து, து. நித்யா அவர்களின் 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் யாவரும் படியெடுக்கும் உரிமத்தோடு வெளிவந்தன. அவை பெரிய மாணவர்களுக்கும் கணினித் துறையினருக்கும் உரியவை. நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான நூலை நாம்தான் எழுத வேண்டும். ஆங்கில நூலை அப்படியே மொழிபெயர்த்தாலும் போதாது. அஞ்சல் விசைமுகமா, தமிழ்99 விசைமுகமா, 'ஸ்ரீ' எப்படி வரும், குறில் நெடில் எப்படித் தட்டுவது என்ற இயல் அந்த நூல்களில் இருக்காது அல்லவா?

ஆகவே, என் பரிந்துரை இதுதான். எட்டுப் பள்ளிகளிலிருந்து எட்டு ஆசிரியர்கள் முன்வரட்டும். ஆளுக்கு நான்கு பக்கம். மொத்தம் முப்பத்திரண்டு பக்கம். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்களுக்குச் சொற்செயலி வழிகாட்டி. ஒரு பள்ளி எழுதியதை அடுத்த பள்ளி சரிபார்க்கட்டும். இறுதிச் சோதனையை ஒரு மாணவர் செய்யட்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நம் எழுத்துதான் திருந்த வேண்டும். ஒன்பதாவதாக ஒருவர், எதையும் எழுதாமல் ஒருங்கிணைப்பை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

பெற்றோர்களே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. ஒளிநகல் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்கலாம். அதைவிட முக்கியமாக, கணினி அறியாத பெற்றோர் ஒருவர் அந்நூலைப் படித்து, "இந்த இடம் எனக்குப் புரியவில்லை" என்று சொன்னால் அதுவே பெரும் உதவி.

இது வெறும் கணினிச் செய்தி அன்று. முப்பது மாணவர்கள்கூட இல்லாத தோட்டப்புறப் பள்ளிகள் இன்றும் நம்மிடையே உள்ளன. அத்தகைய பள்ளியில் கணினி நன்கறிந்த ஆசிரியர் ஒருவர்தான் இருப்பார். அவர் மாற்றலாகிச் சென்ற நாளிலிருந்து கணினிக்கூடம் உறங்கத் தொடங்குகிறது. அவர் அறிந்தவை அவரோடு போய்விடுகின்றன. நாம் பாடுபட்டுப் பதிவேற்றிய பாடப்பொருள்கள் ஓர் இணையத்தளம் மூடப்பட்டதும் காணாமற்போன பட்டறிவும் நமக்கு உண்டு. திருத்தக்கூடிய மூலக்கோப்பு பல கைகளில் இருந்தால், ஆசிரியர் மாறினாலும் தளம் மறைந்தாலும் அறிவு பள்ளியிலேயே தங்கும்.

முகம் அறியாத மக்களுக்காக நூல் எழுதித் தரும் அந்தத் தொண்டூழியர்கள் நம்மைவிட ஓய்வு மிகுந்தவர்கள் அல்லர். வேலை முடிந்த பின் ஓர் இயல், அவ்வளவே! வரும் பள்ளி விடுமுறையில் நாம் நான்கு பக்கங்கள் எழுத மாட்டோமா? முன்வர விரும்பும் ஆசிரியர்கள், தாம் எழுத எண்ணும் இயலின் தலைப்போடு எனக்கு மடல் இடுங்கள். ஒருங்கிணைக்கும் அந்த ஒன்பதாம் இடத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.