ஒட்டப்படாத சீட்டு

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் புதிய கார்களிலும் இலகுரகப் பிக்கப் வாகனங்களிலும், ஒரு கலன் எரிபொருளுக்கு எத்தனை மைல் ஓடும் எனக் கூறும் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். 1975ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குவோருக்கு அளித்த பாதுகாப்பு அது. ஆயின், ஏற்றத்தக்க சுமையையும் சேர்த்து மொத்த எடை 8,500 இறாத்தலைக் கடக்கும் பிக்கப் வாகனங்களுக்கு அச்சீட்டுக் கட்டாயமன்று. 'போர்ட் எப்-250', 'ராம் 2500' ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் கடன்பட்டு இவற்றை வாங்குவோருள் குடியேறிகள் பலர். ஆண்டுக்கு 15,000 மைல் ஓடுபவருக்கு, கலனுக்கு 15 மைல் தரும் வாகனமாயின் 1,000 கலன் போதும்; 12 மைல் தருவதாயின் 1,250 கலன் வேண்டும். மூன்று மைல் வேறுபாடு 250 கலனை விழுங்கிவிடுகிறது. இதனை அவர் அறிவது கடன் பத்திரத்தில் கையொப்பமிட்ட பின்னரே.

இப்பாரிய வாகனங்களுக்கான எரிபொருள் வரையறைகளை அமெரிக்க அரசு 2011இலேயே வகுத்தது. அவற்றை அளக்கும் முறையும் உடன் வந்தது. எனவே அளக்க இயலாது என்ற சாக்கு செல்லாது. அரசுக்குக் காட்டும் கணக்கை வாங்குபவருக்கும் காட்டுவதில் என்ன தடை? மிகுதியாக எரிபொருள் குடிக்கும் வாகனத்துக்கே சீட்டு முதலில் வேண்டும். உழைத்துண்போர் விலையை மட்டுமன்றி, செலவையும் அறிந்து வாங்கும் உரிமை உடையவர்கள்.