வாய்மொழிக் குத்தகை!

தஞ்சைத் தரணியிலே நெல்லுக்கு ஒரு நீதி உண்டு! அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டை பிடித்து, கொள்முதல் நிலையத்து வாயிலிலே உழவன் காத்து நிற்கிறான். அங்கே ஈரப்பதம் காட்டும் கருவி இருக்கிறது. 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுப்பதற்கில்லை என்கின்றனர். அடைமழை பெய்த ஆண்டுகளில், '17 என்ன கணக்கு? 22 வரை ஏற்றுக்கொள்!' என்று உழவர் முழங்குகின்றனர். சென்னை தில்லிக்கு எழுதுகிறது. தில்லி குழுவை அனுப்புகிறது. சில ஆண்டுகளில் தளர்த்தியும் இருக்கிறது. வழக்கு நடக்கிறது, வாதம் நடக்கிறது. எல்லாம் ஓர் எண்ணைச் சுற்றி நடக்கிறது. அந்த எண்ணை உழவனும் அறிவான், எடை போடுபவரும் அறிவார். கருவி காட்டுவதை இருவரும் பார்க்கலாம்.

நெல்லுக்கு இருக்கும் இந்த நீதி, அந்த நெல் விளைந்த வீட்டிலே பிறந்து, பொறியியல் பயின்று, டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் புகுந்துள்ள பிள்ளைக்கு இருக்கிறதா? போதுமானதாக இல்லை என்கிறோம் நாம்.

முனைவர் பட்டம் நாடிச் சேர்கிறவர், சேர்ந்த அன்றே ஆராய்ச்சியாளராகிவிடுவதில்லை. முதலில் சில பாடங்கள். பிறகு, ஓராண்டோ ஈராண்டோ சென்றபின் ஒரு தேர்வு. சில இடங்களில் அதனைக் 'காம்ப்ரிஹென்சிவ்' என்பர். வேறு சில இடங்களில் 'குவாலிஃபையிங்' என்பர். எழுத்துத் தேர்வு ஓரிடத்தில் உண்டு, மற்றோரிடத்தில் இல்லை. வாய்மொழித் தேர்வு மட்டும் பெரும்பாலும் எங்கும் உண்டு. தேறினால் பதிவு உறுதியாகும். தவறினால் இன்னொரு வாய்ப்புத் தருவர். அதிலும் தவறினால், மூட்டை கட்ட வேண்டியதுதான்; இம்முறை நெல் மூட்டை அல்ல!

பதிவு போனால் பட்டம் மட்டுமா போகிறது? ஆராய்ச்சி உதவித்தொகை போகிறது. நடுவண் அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023-ஆம் ஆண்டில் திங்கள் ஒன்றுக்கு ரூ. 37,000 என உயர்த்தப்பட்டது. அதிலே ஒரு பகுதி ஊருக்குப் போகும். கூட்டுறவுக் கடனுக்குப் போகும். தங்கையின் படிப்புக்குப் போகும். அந்தத் தொகை நின்றுபோவது, அந்தக் குடும்பத்துக்குக் குறுவை பொய்த்ததைக் காட்டிலும் கொடிது. குறுவை போனால் சம்பா உண்டு என்றாவது ஆறுதல் கூறலாம்.

இவ்வளவு கனமான கதவுக்கு எப்படிப்பட்ட சட்டம் இருக்கிறது என்று பார்ப்போம். பல்கலைக் கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறையை எடுத்துப் புரட்டுங்கள். பாடங்களுக்குக் குறைந்தது 12 கிரெடிட். தொடர்ந்து ஆராய்ச்சி செய்ய 55 விழுக்காடு மதிப்பெண். செமஸ்டர்தோறும் ஆலோசனைக் குழுவின் முன்னே வேலையின் வளர்ச்சியை எடுத்துரைத்தல். குறை கண்டால் திருத்த வழி கூறல். அதன்பின்னும் திருந்தாவிடில், குறிப்பான காரணம் காட்டியே பதிவை நீக்கப் பரிந்துரைத்தல். இவை யாவும் உள்ளன. கடைசியில் ஆய்வேடு கொடுத்தபின் நடக்கும் வாய்மொழித் தேர்வோ, ஆசிரியரும் மாணவரும் வந்து அமரும்படி திறந்த அவையில் நடக்கும். நன்று, மிக நன்று! ஆனால் நடுவழியிலே நிற்கும் இந்தக் காம்ப்ரிஹென்சிவ்? அதனை அந்த ஒழுங்குமுறை வகுக்கவில்லை. அந்தந்தப் பல்கலைக் கழகத்தின் பொறுப்பில் விட்டுவிட்டது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவை தத்தம் செனட் வகுக்கும் விதிப்படி நடப்பவை. ஆகவே, முடிவுத் தேர்வு திறந்த கதவு. நடுத் தேர்வு மூடிய கதவு. தேறி வெளியேறுகிறவனை ஊரறிய வழியனுப்புகிறோம். தவறி வெளியேறுகிறவனை யாருமறியாமல் அனுப்புகிறோம்!

காவிரிக் கரையிலே பொறியியல் ஆராய்ச்சிக்கு இடமில்லாமல் இல்லை. திருச்சி–தஞ்சைச் சாலையில் துவாக்குடியிலே 1964-இல் தோன்றிய மண்டலப் பொறியியற் கல்லூரி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம். வல்லத்திலே 1988-இல், பெண்களுக்கென்றே, பெரியார் மணியம்மை பெயரால் பொறியியற் கல்லூரி எழுந்தது. தஞ்சையிலே நெல் பதன ஆராய்ச்சி நிலையமாக இருந்தது வளர்ந்து, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முதன்மை வாய்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக உயர்ந்து நிற்கிறது. இவற்றுள் எதன்மீதும் பழி சுமத்த நாம் எழுதவில்லை. நாட்டிலுள்ள எல்லாப் பொறியியல் துறைகளுக்கும் பொதுவான ஒரு பழக்கத்தைத்தான் பேசுகிறோம். இத்தகைய இடங்கள் நம் கண்ணெதிரே இருப்பதால், நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே போவதால், பேசவேண்டிய கடமை நமக்கு மிகுதி.

வெளிக்கதவுக்காக இந்த நாடு நடத்திய போர்கள் எத்தனை! 1950-இல் கிண்டிப் பொறியியற் கல்லூரி இடத்துக்காகவும் மருத்துவக் கல்லூரி இடத்துக்காகவும் நீதிமன்றம் சென்றனர், வகுப்புவாரி ஆணை வீழ்ந்தது, தமிழகம் கொதித்தது, 1951-இல் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 69 விழுக்காட்டைக் காக்க 1994-இல் 76-ஆவது திருத்தம். தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வேண்டாமென்று 2006-இல் சட்டமன்றத்தில் சட்டம். வாயிற்கதவை இவ்வளவு பாடுபட்டுத் திறந்தோம். உள்ளே நடையில் இன்னொரு கதவு இருப்பதை யார் கவனித்தோம்?

வாயிற்கதவும் எல்லா இடத்திலும் திறந்துவிடவில்லை என்பது வேறு கதை. 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்க்கப்பட்டவர்களில் தாழ்த்தப்பட்டோர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு. நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு இது. சட்டப்படி இருக்கவேண்டியதோ 15-உம் 7.5-உம். அப்படி அருமையாக நுழைந்த சிலரையும் மூடிய அறைக்குள் அழைத்து, எழுதாத விதிப்படி எடைபோட்டால், எஞ்சுவோர் எத்தனை பேர்?

"அறிஞர்கள் கூடிக் கேள்வி கேட்கிறார்கள், அவர்களையே ஐயுறுவதா?" என்பர். ஐயுறவில்லை, ஐயா! தஞ்சை மிராசுதாரரிலும் நல்லவர் இருந்தார். நல்லவரா இல்லையா என்பதா அன்று கேள்வி? குத்தகை வாய்மொழியாக இருந்தது என்பதுதானே கேள்வி! ரசீது இல்லை, சீட்டு இல்லை. 'உழு' என்றால் உழவேண்டும். 'போ' என்றால் போகவேண்டும். மூன்று தலைமுறை உழுதவன் தாசில்தார் முன்னே நின்றால், 'இவன் யாரென்றே எனக்குத் தெரியாது' என்று சொல்ல ஒரு வாய் போதும். 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரரையும் பண்ணையாளையும் காக்கச் சட்டம் வந்தது. 1955-இல் மாநிலம் முழுமைக்கும் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வந்தும் என்ன? பாதுகாப்பைக் கேட்டுப்போனவனிடம், நீதான் குத்தகைதாரன் என்பதற்குச் சான்று எங்கே என்றார்கள். வாய்மொழி வென்றது, சட்டம் தோற்றது! அதனால்தான் 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் தேவைப்பட்டது. உரிமை இருந்தால் போதாது, உரிமை ஏட்டில் ஏறவேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள இந்தத் தஞ்சைச் சீமைக்கு அத்தனை ஆண்டுகள் ஆயின.

அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறிய உழவனின் பேரன், இன்று மூடிய அறைக்குள்ளே வாய்மொழிக் குத்தகைக்கு நிற்கிறான். எந்தெந்தப் பாடத்தில் கேள்வி வரும்? 'எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்' என்கின்றனர். எத்தனைக்கு எத்தனை பெற்றால் தேர்ச்சி? 'குழு நிறைவடைய வேண்டும்'. எந்த நாளில் தேர்வு? 'கைடு சொல்வார்'. தவறியது ஏன்? 'அடிப்படை போதாது'. இரண்டே சொல்! இரண்டாண்டு உழைப்பும் இரண்டு சொல்லிலே முடிந்தது. இந்த நான்கு கேள்விக்கும் எழுத்திலே விடை வைத்திருக்கும் துறைகள் உண்டு என்பதை ஒப்புகிறோம். அத்துறைகள் இதைப் படித்துச் சினம் கொள்ள வேண்டாம். வைத்திராத துறைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

வாய்மொழித் தேர்வைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. அதுவும் பொறியியற் கல்லூரி வழக்கிலேதான். காசுமீரத்துச் சீனகரில் மண்டலப் பொறியியற் கல்லூரி. எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், வாய்மொழிக்கு 50. இரண்டு மூன்று நிமிடமே உரையாடினர், பெற்றோர் யார், குடியிருப்பு எங்கே என்று கேட்டு அனுப்பினர் என்பது மாணவர் முறையீடு. 'அசய் ஹாசியா' வழக்கு என்று வழக்கறிஞர்கள் அறிவர். 1980 நவம்பர் 13-இல் தீர்ப்பு வந்தது. வாய்மொழிக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். அத்துடன் நின்றதா? உரையாடலை ஒலிநாடாவில் பதிவு செய்வது விரும்பத்தக்கது, என்ன கேட்டார், என்ன விடை வந்தது என்பதற்குச் சான்று இருக்கும் என்றும் சொல்லிற்று. கல்லூரியிலே சேர்ப்பதற்கான தேர்வைப் பற்றிய தீர்ப்புத்தான் அது. ஆராய்ச்சி நடுவில் வரும் தேர்வை நேரே கட்டுப்படுத்தாது. ஆனால், சேர வந்தவனுக்கே அவ்வளவு சான்று வேண்டுமென்றால், சேர்ந்து ஈராண்டு உழைத்தவனை வெளியே தள்ளுவதற்கு அதைக் காட்டிலும் குறைந்த சான்று போதுமா?

எழுத்துத் தேர்வு எழுதியவனுக்கு இன்று வழி உண்டு. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. தன் விடைத்தாளைத் தான் பார்க்கும் உரிமை தேர்வெழுதியவனுக்கு உண்டென்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம். வாயால் சொன்ன விடையை எங்கே போய்ப் பார்ப்பது? காற்றிலா?

வாய்மொழித் தேர்வே கூடாதென்று நாம் கூறவில்லை. எழுத்தில் ஒளியக்கூடிய அறியாமை, கரும்பலகை முன்னே ஒளிய முடியாது. நெல்லை விரைந்து சூடேற்றிக் காயவைத்தால் அரிசியில் ஏன் வெடிப்பு விழுகிறது, அரவையில் ஏன் நொய்யாகிறது என்று கேட்டால், ஈரம் உள்ளிருந்து வெளியேறும் வேகத்தையும் வெளித்தோலும் உள்மணியும் வேறுபட்டுச் சுருங்குவதையும் படம் போட்டு விளக்குகிறவன், பொருளறிந்தவன். புத்தகத்துச் சமன்பாட்டை ஒப்பிக்கிறவன் இரண்டாவது கேள்வியிலே அகப்பட்டுக்கொள்வான். அருமையான தேர்வு அது! அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எழுதி வைத்தால் தரம் தாழ்ந்துவிடும் என்று ஓலமிடுவோரை நமக்குப் புரியவில்லை. காவிரியில் பிலிகுண்டுலுவில் சூன் திங்களில் 9.19 டி.எம்.சி., சூலையில் 31.24 டி.எம்.சி. என்று திங்கள்வாரியாக எழுதி வைத்திருக்கிறதே, அதனால் காவிரியின் தரம் தாழ்ந்ததா? எழுதியிருப்பதால்தானே, வராத ஆண்டில் 'எங்கே எங்கள் பங்கு?' என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறது!

இன்னொன்று. அந்த நெல் வெடிப்பைத் தமிழிலே விளக்கினால் குழு ஏற்குமா? 2010-இல் அண்ணா பல்கலைக் கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கிற்று. அவ்வழி வந்தவன் ஆராய்ச்சிக்கு வந்தால், பொருளை அறிந்திருந்தும் ஆங்கிலத் தொடர் தடுமாறியதால் 'அடிப்படை போதாது' எனப்படுவதற்கு இடமிருக்கிறது. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதட்டும். உலகம் படிக்கவேண்டியது அது. கரும்பலகை முன்னே, குழுவில் தமிழறிந்தார் இருக்கும்போது, அறிந்ததை அறிந்த மொழியில் சொல்ல விடுவதில் எந்தக் கோபுரம் சாய்ந்துவிடும்?

பெண்களின் நிலை இன்னும் இடர் மிக்கது. 2022 ஒழுங்குமுறை அவர்களுக்கு மகப்பேற்று விடுப்பாக 240 நாள் வரை தருகிறது. ஆய்வை முடிக்கக் கூடுதலாக ஈராண்டும் தருகிறது. இந்த நடுத்தேர்வுக்கு 'இத்தனை திங்களுக்குள்' என்று துறை ஒரு கெடு வைத்திருக்குமானால், அந்த விடுப்பு நாட்கள் அதில் கழியுமா கழியாதா என்பதையும் அச்சில் போட வேண்டாமா? போடாவிட்டால், கைக்குழந்தையோடு நிற்பவள் ஒவ்வோர் அறையாகப் போய் இரந்து கேட்கவேண்டும்.

ஆகவே, துறைகள் செய்யவேண்டியது பெருஞ்செயலன்று. சேர்ந்த அன்றே மாணவன் கையில் ஒரு தாளைக் கொடுக்கட்டும்: எந்தப் பாடங்கள், எத்தனை மதிப்பெண், எந்தத் திங்களில் தேர்வு, யார் யார் அமர்வர். வழிகாட்டும் பேராசிரியர் உடனிருக்கட்டும், மதிப்பெண் போடுவதில் மட்டும் விலகி நிற்கட்டும். நாளைக்கு அதே மாணவனை வைத்து வேலை வாங்கவேண்டியவருக்கு இந்தச் சங்கடம் வேண்டாம். வெளியார் ஒருவரேனும் குழுவில் இருக்கட்டும். ஒவ்வொருவரும் கலந்து பேசுவதற்கு முன்பே தம் மதிப்பெண்ணைத் தனித்தனியே எழுதி உறையிலிடட்டும். மூத்தவர் முகம் பார்த்து இளையவர் எண்ணை மாற்றுவது அப்போது நிற்கும். தவறினால், எந்தக் கேள்வியில், எந்தக் குறையால் என்று ஒரு வாரத்தில் எழுத்தில் வரட்டும். அடுத்த வாய்ப்பில் ஒருவராவது புதியவர் அமரட்டும். முறையிட ஓரிடம் இருக்கட்டும்; அந்த இடத்தில் அதே குழுவினர் அமராதிருக்கட்டும்.

உரையாடல் பதிவாகட்டும். 1980-இல் ஒலிநாடாக் கருவி வாங்கப் பணமில்லை என்று ஒரு கல்லூரி சொல்லியிருந்தால், போகட்டும் என்று விட்டிருக்கலாம். இன்று அறையிலே அமரும் ஒவ்வொரு பேராசிரியர் சட்டைப்பையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. மேசைமீது எடுத்து வைத்து, ஒரு விரலால் அழுத்தவேண்டியதுதான் பாக்கி.